ஒரே ஆல்பம், மூன்று சிடி: எது நன்றாக ஒலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

புதுச்சேரியில் ராக் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஒரே ஆல்பம் இரண்டு மூன்று சிடியாக இருக்கும். ஒன்று, பிரான்சில் இருக்கும் உறவுக்காரர் யாராவது லீவுக்கு வரும்போது சாக்லேட், சென்ட் பாட்டிலோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இன்னொன்று காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடைத்தது. மூன்றாவது, அட்டையில் ரீமாஸ்டர் என்று போட்டிருக்கிறதே என்று புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது. என்னிடம் அப்படி இருப்பது டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ். பெரியப்பா பாரிஸிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சு சிடி, சந்தையில் கிடைத்த மேற்கு ஜெர்மனி சிடி, 1996 ரீமாஸ்டர் ஆக மூன்று.

எங்கள் வீட்டில் பல வருஷமாக ஒரு தீர்ப்பு இருந்தது. பெரியப்பா சிடிதான் உசத்தி, அதில் கிட்டார் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கும் என்று அப்பா சொல்வார், நாங்களும் சொல்வோம். அதை ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துவிடலாம் என்று நானும் முத்தியால்பேட்டை நண்பன் ஒருவனும் உட்கார்ந்தோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன், உங்களிடம் எந்த ராக் ஆல்பம் இருந்தாலும் இதே வழி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசைதான் முக்கியம். முதலில் இரண்டு சிடியிலும் இருக்கும் டேட்டாவே வேறா என்று பாருங்கள், பிறகு இரண்டின் சத்த அளவையும் சமமாக்குங்கள், அதற்குப் பிறகுதான் காதைக் கொண்டுவாருங்கள். நிறையப் பேர் நேராகக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள், அதனால்தான் ஒரே சிடியைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக அடித்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

எது மாறும், எது மாறாது

சிடியில் இருப்பது வெறும் எண்கள். ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் (இதைத்தான் சாம்பிள் என்பார்கள்) 16 பிட் எண்ணாக, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையின் வேலை அந்த எண்களை மேடு பள்ளமாக அச்சு எடுத்து பிளாஸ்டிக்கில் அழுத்துவது மட்டும்தான். பிரான்சில் அழுத்தினாலும் ஜெர்மனியில் அழுத்தினாலும், ஆலைக்குப் போன மாஸ்டர், அதாவது அச்சுக்கான மூலப் பதிவு, ஒன்றுதான் என்றால் வரும் எண்களும் ஒன்றுதான். ஆகவே "ஜப்பான் பிரஸ்ஸிங் என்றாலே தனி சுகம்" என்பதில் ஊருக்குப் பங்கு இல்லை. ஜப்பானுக்கு வேறு மாஸ்டர் போயிருந்தால் மட்டும்தான் அங்கே வேறு ஒலி வரும்.

மாறுவது மாஸ்டரிங். பாட்டைக் கலந்து முடித்த பிறகு, அதை வெளியிடும் வடிவத்துக்கு ஏற்ப ஒருவர் உட்கார்ந்து பாஸ், ட்ரெபிள் இவ்வளவு, மொத்தச் சத்தம் இவ்வளவு, உச்சத்தில் வரும் டிரம் அடியை இவ்வளவு அமுக்கலாம் என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவு ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறலாம். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதும் மாறலாம். 1982-இல் சிடி கடைக்கு வந்த புதிதில் பல பழைய ராக் ஆல்பங்களை, எல்பி என்ற இசைத்தட்டு வெட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த நகல் டேப்பிலிருந்தே அப்படியே சிடிக்கு மாற்றினார்கள். எல்பியின் பள்ளத்துக்கு ஏற்ப பாஸைக் குறைத்து வைத்திருந்த டேப் அது, சிடியில் கேட்டால் மெலிந்துதான் ஒலிக்கும். அந்தமாதிரி ஆல்பங்களில் பிந்தைய ரீமாஸ்டர் உண்மையிலேயே நல்லதாக இருக்க வாய்ப்பு உண்டு. பழையதுதான் எப்போதும் உயர்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். ரீமிக்ஸில் கருவிகளின் அளவே மாறிவிடும். ஸீஸீ டாப் குழுவின் பழைய ஆல்பங்களை 1987-இல் சிக்ஸ் பேக் என்ற தொகுப்பாக சிடியில் விட்டபோது டிரம் ஒலியையே 80-களின் பாணிக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் எல்பியையும் வைத்துக்கொண்டு எந்த மாஸ்டரிங் நல்லது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை, கேட்பது வேறு பாட்டு.

நான் எடுத்துக்கொண்ட ஆல்பம் சோதனைக்கு வசதியானது. கரீபியன் கடலில் இருக்கும் மான்செராட் தீவில், ஏர் ஸ்டூடியோவில், சோனியின் 24 ட்ராக் டிஜிட்டல் கருவியில் பதிவு செய்தார்கள். 1985-இல் வெளிவந்தது, சிடி வடிவில் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் ஆல்பம். டிஜிட்டலிலேயே பிறந்தது என்பதால் எத்தனையாவது நகல் டேப் என்ற குழப்பம் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: இதன் எல்பியில் இடம் போதாமல் சில பாட்டுகளைச் சுருக்கியிருக்கிறார்கள். மணி ஃபார் நத்திங் சிடியில் 8 நிமிடம் 26 விநாடி, எல்பியில் 7 நிமிடம் சொச்சம். வை வொர்ரி சிடியில் எட்டரை நிமிடம், எல்பியில் ஐந்தரையைக்கூடத் தொடாது. எல்பியோடு ஒப்பிடுவதாக இருந்தால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடியைத் திருப்பிப் பாருங்கள்

பின்பக்கம், நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் வளையத்தில் பொடி எழுத்து இருக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, முடிந்தால் மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். அட்டையை நம்பாதீர்கள், சந்தையில் கிடைக்கும் சிடிகளில் டப்பா ஒன்று, உள்ளே வட்டு ஒன்று என்று மாறிப்போயிருப்பது சகஜம். கேட்டலாக் எண்ணும் போதாது, ரீமாஸ்டர் செய்த பிறகும் பழைய எண்ணையே விட்டுவைத்த வெளியீடுகள் உண்டு. இந்த ஆல்பத்தின் ஐரோப்பிய வெளியீடுகளில் 824 499-2 என்ற எண் அப்படித்தான் தொடர்ந்து வருகிறது.

வளையத்தில் என்ன பார்க்க வேண்டும்? மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் இரண்டு ஜெர்மனியும் இணைந்த 1990-க்கு முன்னால், அல்லது அதை ஒட்டி, தயாரித்தது. ஐ.எஃப்.பி.ஐ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு குறியீடும் இருந்தால் 1994 வாக்கிலோ அதற்குப் பிறகோ அழுத்தியது, ஏனென்றால் அந்தக் குறியீடே அப்போதுதான் வந்தது. இந்த ஆல்பத்தை ஐரோப்பாவில் வெளியிட்ட பாலிகிராம் குழுமத்தின் ஜெர்மன் ஆலை சிடிகளில் ஆலையின் பெயரே காலத்தைச் சொல்லிவிடும்: முதலில் பாலிகிராம் என்றே இருக்கும், 80-களின் பிற்பாதியில் பி.டி.ஓ, 90-களில் பி.எம்.டி.சி, 2000-ஐ ஒட்டி யுனிவர்சல் எம் அண்ட் எல், அப்புறம் ஈ.டி.சி. பெரியப்பா சிடியில் பிரான்ஸ், பி.டி.ஓ என்று இருந்தது. சந்தைச் சிடியில் மேற்கு ஜெர்மனி, பி.டி.ஓ. இரண்டும் ஒரே குழுமத்தின் ஆலைகள், ஒரே காலம். அப்போதே எங்களுக்கு லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

பழைய சிடி வாங்கும்போது இன்னும் சில விஷயங்கள். பின்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ அடித்தால் அது வீட்டில் எழுதிய சிடி, எங்கிருந்து நகல் எடுத்தது என்பது தெரியாது, சோதனைக்கு ஆகாது. இங்கிலாந்து ஆலை ஒன்றில் 1988-க்கும் 1993-க்கும் இடையில் தயாரான சிடிகளில் ஒரு பகுதி ஓரத்திலிருந்து பழுப்பேறிப்போனது, அந்த நிறம் கண்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வட்டை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசி குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிகிறதா என்று. உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு அங்கெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். நிறையப் பேர் கீறல் என்றால் பின்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், உண்மையில் அலுமினியம் படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு வெகு அருகில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது, அங்கே விழும் கீறல்தான் ஆபத்து. அழுக்கைக் கழுவ வேண்டுமென்றால் சாதாரணத் தண்ணீர், ஒரு துளி சோப்புத் திரவம், மெல்லிய பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

ரிப் எடுப்பது

இரண்டு சிடியையும் இரண்டு பிளேயரில் போட்டு மாற்றி மாற்றிக் கேட்பது ஒப்பீடு ஆகாது, அது பிளேயர்களின் ஒப்பீடாகப் போய்விடும். சிடியில் இருக்கும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள், இதைத்தான் ரிப் என்பார்கள். இப்போது லேப்டாப்பில் டிரைவ் வருவதில்லை என்பதால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும், நண்பர்களிடம் கேட்டாலே யாரிடமாவது பரணில் கிடக்கும்.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி, லினக்ஸில் விப்பர், மூன்றும் இலவசம். இவை ஒவ்வொரு பகுதியையும் படித்து, தப்பு வந்தால் திரும்பத் திரும்பப் படித்து, கடைசியில் அக்யூரேட்ரிப் என்ற பொதுத் தொகுப்போடு ஒப்பிட்டு, அதே சிடியை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு வந்த அதே எண்கள் உங்களுக்கும் வந்ததா என்று சொல்லிவிடும். இந்தச் சான்று கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கீறல் விழுந்த சிடியில் டிரைவ் தானாக இட்டு நிரப்பிய ஓசையை நீங்கள் மாஸ்டரிங் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்ள நேரும். ஃபைலை வேவ் அல்லது ஃப்ளாக் ஆகச் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம்.

ஹைப்ரிட் எஸ்ஏசிடி, அதாவது சாதாரண சிடி அடுக்கும் உயர்தர ஒலி அடுக்கும் ஒரே வட்டில் இருப்பதை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆல்பத்தின் இருபதாம் ஆண்டு வெளியீடு 2005-இல் அப்படி வந்தது, ஒலிப்பதிவாளர் சக் ஐன்லே செய்த 5.1 சரவுண்ட் மிக்ஸ் அதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் டிரைவ் அதன் சாதாரண சிடி அடுக்கை மட்டும்தான் படிக்கும். நீங்கள் ஒப்பிடுவது அந்த அடுக்கைத்தான், உயர்தர அடுக்கைப் பற்றி அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

80-களின் ஜப்பான் சிடி கிடைத்தால் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் இரைச்சலைக் குறைப்பதற்காகப் பதிவில் ட்ரெபிளைத் தூக்கி வைத்துவிட்டு, பிளேயர் அதைத் திரும்ப இறக்கும்படி ஒரு அடையாளக் குறி போட்டுவிடுவார்கள். 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது இந்தத் தூக்கல் 9, 10 டெசிபல் வரை இருக்கும். பிளேயர் குறியைப் பார்த்து இறக்கிவிடும், ரிப் செய்த ஃபைலில் இறக்கியிருக்காது. டிரம் செட்டின் உலோகத் தட்டான சிம்பலின் சத்தம் கண்ணாடி உடைவது போலக் கூர்மையாக வந்தால் சந்தேகப்படுங்கள். ரிப் செய்யும் மென்பொருளின் அறிக்கையில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சாக்ஸ் என்ற இலவசக் கருவியில் இதைச் சரிசெய்யத் தனிக் கட்டளை உண்டு. இது தெரியாமல் "ஜப்பான் சிடியில் எவ்வளவு தெளிவு பார்" என்று மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டேட்டா ஒன்றா, வேறா

இந்த ஒரு சோதனை பாதிச் சண்டையை முடித்துவிடும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளைத் திறந்து, ஒரே பாட்டின் இரண்டு ரிப்பையும் இரண்டு ட்ராக்காகப் போடுங்கள். ப்ராஜெக்ட் 44,100 ஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட் என்று இருக்கட்டும். பாட்டில் ஒரு கூர்மையான டிரம் அடியைப் பிடித்து, அலையின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். வேறு வேறு பிரஸ்ஸிங் என்றால் ஒன்று சில பத்து, சில நூறு சாம்பிள் முன்னே பின்னே இருக்கும், அது சாதாரணம். இரண்டையும் நகர்த்திப் புள்ளிக்குப் புள்ளி பொருத்துங்கள். அப்புறம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து இன்வர்ட் கொடுங்கள், அதாவது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும். இரண்டையும் கலந்துவிடுங்கள்.

எண்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிட்டு நேர்கோடு மட்டும் மிஞ்சும். ஒரு துளி சத்தம்கூட இருக்காது. வெறுமே அளவு மட்டும் வேறு என்றால் மிஞ்சுவது அதே பாட்டு, மெல்லியதாக. அப்போது ஒன்றின் அளவை மாற்றிவிட்டு மறுபடி கழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட மறைந்துவிட்டால் அதுவும் அதே மாஸ்டரிங்தான், வால்யூமை மட்டும் நகர்த்தியிருக்கிறார்கள். ட்ரெபிள் மட்டும் மிஞ்சினாலோ டிரம் அடிகள் மட்டும் டிக் டிக் என்று மிஞ்சினாலோ, எங்கே கைவைத்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பெரியப்பா சிடியையும் சந்தைச் சிடியையும் இப்படிக் கழித்தபோது நேர்கோடு வந்தது. ஒன்பது பாட்டையும் செய்தோம், ஒன்பதிலும் நேர்கோடு. சில நூறு சாம்பிள் தள்ளியிருந்தது தவிர, ஒரே எண்கள். நண்பன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான், உங்க அப்பாகிட்ட நீயே சொல்லு" என்றான். நான் சொன்னேன். அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "அப்ப எனக்கு ஏன்டா அது வேற மாதிரி கேட்டுச்சு?" யோசித்துப் பார்த்தால் விடை இருந்தது. பெரியப்பா சிடியை அப்பா எப்போதும் கூடத்தில் இருக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயரில், சாயந்திரம், வால்யூமைத் தாராளமாக வைத்துக் கேட்பார். சந்தைச் சிடி என் அறையில் சின்ன செட்டில் ஓடியது. அவர் கேட்ட வித்தியாசம் நிஜம்தான், அது சிடியில் இல்லை, அவ்வளவுதான்.

சத்தத்தைச் சமமாக்குங்கள்

1996 ரீமாஸ்டரைக் கழித்தபோது பாட்டு நன்றாகவே மிஞ்சியது. அது வேறு மாஸ்டரிங், ஆகவே கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அது கொஞ்சம் கூடுதல் சத்தம். இங்கேதான் காது ஏமாற்றும்.

மனிதக் காதுக்கு சத்தம் கூடும்போது பாஸும் ட்ரெபிளும் கூடுதலாகக் கேட்கும். 1933-இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே ஃபைலை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டாலே பலர் "இதுதான் தெளிவு, இதில்தான் உயிர் இருக்கிறது" என்பார்கள், சத்தம் கூடியது என்று சொல்ல மாட்டார்கள். 90-களிலிருந்து ரீமாஸ்டர்கள் ஒன்றைவிட ஒன்று சத்தமாக வந்ததற்கும் இதுதான் காரணம். சிடியில் உச்ச எண் ஒன்றுதான், அதற்கு மேல் போக முடியாது, அதனால் சராசரியைத் தூக்க வேண்டுமென்றால் டிரம் அடியின் தலையை அமுக்கத்தான் வேண்டும். இதன் எல்லை எதுவென்று பார்க்க விரும்பினால் மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான டெத் மேக்னெடிக்கை ஆடாசிட்டியில் திறந்து பாருங்கள், அலை செங்கல் சுவர் மாதிரி இருக்கும். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு அமுக்காமல் வந்ததால்தான் ரசிகர்களுக்கு விஷயமே புரிந்தது.

சமமாக்குவது எளிது. இரண்டு ரிப்பிலும் ஒரே பகுதியை, ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும்படி, ஒரு நிமிடமாவது வெட்டிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது, இரண்டுக்கும் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று ஒரே இலக்கைக் கொடுங்கள். சத்தமானதை இறக்குவதுதான் நோக்கம், மெல்லியதை ஏற்றப் போனால் உச்சத்தில் முட்டி நசுங்கும். 0.1 டெசிபலுக்குள் சமமாகிவிட்டால் போதும். அதற்குப் பிறகும் காதுக்கு ஒன்று சத்தமாகத் தோன்றினால், ஒன்றில் பாஸை மிகவும் தூக்கியிருக்கலாம், எல்.யூ.எஃப்.எஸ் கணக்கு அதையும் சேர்த்துக்கொண்டுவிடுகிறது. அந்த மாதிரி நேரத்தில் பாடகரின் குரலை மட்டும் கவனித்து, குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் கேட்கும்படி கையால் திருத்துவது எனக்குச் சரியாக வருகிறது.

டி.ஆர் எண் என்று ஒன்றைப் பலரும் சொல்வார்கள். பாட்டின் மிகச் சத்தமான 20 சதவீதப் பகுதிகளின் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான் அது. எண் கூடினால் அமுக்கல் குறைவு. நல்ல குறிப்புதான், ஆனால் அது ஈக்வலைசேஷன், அதாவது பாஸ், ட்ரெபிளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது, பற்றி எதுவுமே சொல்லாது. டி.ஆர் அதிகமாக இருந்தும் மெலிந்து, கூச்சலாக ஒலிக்கும் சிடிகள் உண்டு. எண்ணைப் பார்த்து வாங்குவதை நான் ஏற்கவில்லை.

எங்கே, எப்படிக் கேட்பது

நம் ஊரில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். மத்தியானம் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் ஓடினால் அதன் இரைச்சல் பாட்டின் மெல்லிய பகுதிகளையும் கடைசியில் தேய்ந்து மறையும் வால் ஓசையையும் விழுங்கிவிடும். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கர், அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். நாங்கள் ராத்திரி பத்துக்கு மேல், ஃபேனை நிறுத்தி, மூன்று நிமிடம் கேட்பது, ஃபேனைப் போட்டு ஆறுவது, மறுபடி மூன்று நிமிடம் என்று கேட்டோம். சுமாரான அறையில் நல்ல ஸ்பீக்கர் வைப்பதைவிடச் சுமாரான ஒயர் ஹெட்போனே இந்த வேலைக்கு மேல். புளூடூத் வேண்டாம், அது போகிற வழியில் ஒலியைச் சுருக்கும். போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முழுப் பாட்டையும் கேட்டு ஒப்பிட முடியாது, காதின் ஞாபகம் சில விநாடிதான். பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாக எடுங்கள். இந்த ஆல்பத்தில் எனக்கு உதவிய இடங்களைச் சொல்கிறேன். மணி ஃபார் நத்திங் தொடக்கம்: விருந்தினராகப் பாடிய ஸ்டிங் என்ற பாடகரின் குரல் தூரத்தில் எழும்பி, கீபோர்டு ஏறி, டிரம் வெடித்து, பிறகு கிட்டார் தனியாக நுழையும். அமுக்கிய மாஸ்டரிங்கில் அந்தத் தொடக்கம் தேவைக்கு மேல் சத்தமாக இருக்கும், டிரம் வரும்போது அது பெரிதாக வளராது. யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்கில் ராண்டி பிரெக்கரின் டிரம்பெட்டும் மைக்கேல் பிரெக்கரின் சாக்ஸபோனும்: ட்ரெபிளைத் தூக்கியிருந்தால் சாக்ஸில் காற்றைவிட உலோகம் அதிகம் கேட்கும். வாக் ஆஃப் லைஃபின் கீபோர்டு, வால்யூமை ஏற்றினால் உறுத்துகிறதா என்று பார்க்க. தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் இடி முழங்கும், அதன் அடி ஓசை எவ்வளவு ஆழம் போகிறது, குரல் நுழையும்போது பின்னால் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று பார்க்க. உங்கள் ஆல்பத்திலும் இப்படி நாலு இடம் தேடுங்கள்: மெல்லியதிலிருந்து சத்தத்துக்குத் தாவும் ஓரிடம், வெறும் குரல் ஓரிடம், சிம்பல் நிறைய வரும் ஓரிடம், பாஸும் கிக் டிரம்மும் சேர்ந்து வரும் ஓரிடம்.

பெயர் தெரியாமல் கேளுங்கள். ஃபூபார்2000 என்ற இலவசப் பிளேயரில் ஏ.பி.எக்ஸ் என்ற கூடுதல் கருவியைச் சேர்த்துக்கொண்டால், ஏ, பி என்று இரண்டையும் கேட்க வைத்து, எக்ஸ் எது என்று உங்களையே சொல்லச் சொல்லும். எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், நன்றாகப் போகும்போது நிறுத்தக் கூடாது. 16 முறையில் 12 சரி என்றால், குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு 100-க்கு 4-க்கும் குறைவு. ஒன்பது பத்து என்று வந்தால் உங்களுக்கு வித்தியாசம் கேட்கவில்லை, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மிச்சமாகும் காசுக்கு வேறு ஆல்பம் வாங்கலாம்.

அப்பா மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டேன் என்பவர்களுக்கு வேறு வழி வைத்தோம். சமமாக்கிய துண்டுகளை ஒரே காலி சிடியில், நாணயம் சுண்டி வந்த வரிசையில் எழுதினான் நண்பன். வரிசையை ஒரு தாளில் குறித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்பா தன் ஆம்ப்ளிஃபயரில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் எது பிடிக்கிறது என்று மட்டும் சொன்னார். வரிசை தெரிந்தவர் அறையிலேயே இருக்கக் கூடாது என்பதால் நண்பன் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வித்தியாசம் கேட்கிறது என்று நிரூபித்த பிறகுதான் எது நல்லது என்ற கேள்வி வரும். இரண்டும் தனித்தனிக் கேள்வி. மணி ஃபார் நத்திங் தொடக்கத்தில் நான் 16-க்கு 14 எடுத்தேன், நண்பன் 9. ரீமாஸ்டர் மோசம் என்று சொல்ல மாட்டேன், குரல் அதில் கொஞ்சம் முன்னே நிற்கிறது, ரயிலில் ஹெட்போனில் கேட்க அது வசதி. ஆனால் டிரம் எழும்பி அறையை நிறைப்பது பழையதில்தான் எனக்குக் கிடைக்கிறது, ராத்திரி உட்கார்ந்து கேட்க அதைத்தான் எடுப்பேன். அப்பா பத்து ஜோடியில் எட்டில் பழையதைச் சொன்னார்.

முடிந்ததும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் வையுங்கள்: வளையத்தில் இருந்த எழுத்து, அக்யூரேட்ரிப் பொருந்தியதா, எந்த சிடியோடு கழித்தபோது நேர்கோடு வந்தது, எந்தத் துண்டில் 16-க்கு எத்தனை, தேதி. பென்சிலால் எழுதுங்கள், கடல்காற்றில் மை ஊறி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். சிறு புத்தகம் டப்பாவோடு ஒட்டாமல் இருக்க, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வைத்தால் நல்லது. பெரியப்பா சிடியின் டப்பாவில் நான் வைத்த தாளில் "சந்தைச் சிடியும் இதுவும் ஒன்றே" என்று இருக்கிறது. அதற்குக் கீழே அப்பா தன் கையெழுத்தில், அண்ணன் அதைக் கொண்டுவந்த வருஷத்தையும் மாதத்தையும் சேர்த்திருக்கிறார்.